விலகிய தேதி

சகாயமேரி ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து இருபத்தைந்து வருடமாக ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக்கூடத் தவறவிட்டதில்லை. இந்த ஒரு குறையைத் தவிர அவளுடைய கல்யாணத்துக்கு வேறு தடை எதுவும் இருக்கவில்லை.

மாப்பிள்ளை அருளப்பன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். துபாய்க்கு விசா வந்திருந்தது. பிப்ரவரி கடைசியில் விமானம் ஏறினால் இரண்டு வருடம் கழித்துத்தான் முகம் பார்க்க முடியும். அந்த வருடம், அதாவது 1988இல், பிப்ரவரி பதினேழாம் தேதி சாம்பல் புதன். அதற்குப் பிறகு தபசு காலம். ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் தாலி கட்ட முடியாது. அதற்கு முன்னால் கட்டுவதென்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாக வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் சாமியார் வாசிப்பாரே, அந்த ஓலை. கணக்குப் பார்த்தால் முதல் ஓலை ஜனவரி இருபத்துநாலாம் தேதி விழுந்தே தீர வேண்டும். தவறினால் இரண்டு வருடம் காத்திருக்க அருளப்பனின் அம்மா தயாராக இல்லை. "எம்பையனுக்கு சேலத்துல ஒரு எடம் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க" என்று, யாரும் கேட்காமலே, இரண்டு முறை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இப்படி இருக்கையில் புது வருடத்தோடு ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. முப்பது வயதுக்குட்பட்ட எவருக்கும் இனி 'விசுவாசத் திரும்புகைச் சான்றிதழ்' இல்லாமல் ஓலை வாசிக்கப்படாது. சான்றிதழைக் கொடுப்பது 'இளையோர் விசுவாசத் திரும்புகைக்கான விளையாட்டுவழிப் பயிற்சி மையம்'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியதால் சனங்கள் அதைத் திரும்புகை ஆபீஸ் என்றார்கள்.

திரும்புகை ஆபீஸின் இயக்குநர் ஃபாதர் டெரன்ஸ். மெட்ராஸ்காரர். மணிலாவில் ஆறு வாரம் தங்கி, விளையாட்டின் மூலம் ஆத்துமாக்களைக் கொண்டுவருவது எப்படி என்று படித்துவிட்டு, கழுத்தில் ஒரு விசிலோடு திரும்பி வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு வராத பையன்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவர் சர்வே எடுத்தார். மைதானத்தில் இருந்தார்கள். அப்படியென்றால் கோயிலை மைதானத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். மைதானத்தில் ஏற்கனவே சந்தோஷமாக இருப்பவர்கள் அங்கிருந்து எதற்குத் திரும்ப வேண்டும் என்ற கேள்வி மணிலா பாடத்திட்டத்தில் இல்லை.

பென்னாகரம் ரோட்டில் இருக்கும் சவேரியார்பாளையம் பங்குப் பள்ளிக்கூடத்தில் பொங்கல் லீவில் மூன்று நாள் முகாம் போட்டார்கள். சனி, ஞாயிறு, திங்கள். சகாயமேரியின் வீடு அந்தக் கோயிலுக்கு நேர் பின்னால்தான். பால்வாடியில் டீச்சராக இருந்தவள். நொண்டி, கண்ணாமூச்சி, கல்லாங்காய் எல்லாம் அவளுக்கு அன்றாட உத்தியோகம். விளையாட்டுத்தானே, மூன்று நாளில் முடிந்துவிடும் என்று மாற்றுச் சேலையோடு வந்து வரிசையில் நின்றாள்.

மேசைக்குப் பின்னால் செயலர் தோபியாஸ் உட்கார்ந்திருந்தார். படிவத்தை வாங்கி விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் ஏழாவது கட்டத்தில் நின்றார்.

"விசுவாசத்தை விட்டு விலகிய தேதி. காலியா இருக்கு."

"நான் விலகலீங்க."

"கொஞ்சங்கூடவா?"

"இல்லீங்க."

"நல்லா யோசிச்சுப் பாரும்மா. அம்மை கிம்மை போட்டிருக்கும். அப்பக் கோயிலுக்கு வந்திருக்க முடியாது."

"எங்க வூட்டு சன்னல்ல நின்னா பீடம் தெரியுங்க. அங்க நின்னே பூசை கண்டேன்."

தோபியாஸ் பேனாவை மூடி வைத்தார். இருபது வருடம் தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர் அவர். காலிக் கட்டம் என்றால் அவருக்கு உடம்புக்கு ஆகாது. "போகாதவங்க எப்புடிம்மா திரும்புவாங்க? ஏழு இல்லாம எட்டு இல்ல. எட்டு, விலகிய காரணம். அது இல்லாம ஒம்போது இல்ல. ஒம்போது, திரும்பத் தூண்டிய விளையாட்டு. அத வச்சுத்தான் சான்றிதழே."

அவளுக்குப் பின்னால் நின்றிருந்த அருளப்பன் தன் படிவத்தை நீட்டினான். ஏழாவது கட்டத்தில் '1984 மே, ஷிப்ட் மாறியதிலிருந்து' என்று எழுதியிருந்தான். தோபியாஸ் எழுந்து நின்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஃபாதர் டெரன்ஸ் வந்து தோளில் தட்டி, "நாலு வருஷம். வெரி குட். உன்னை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் இத்தனையும்" என்றார்.

சகாயமேரியை என்ன செய்வது என்று பேசினார்கள். கடைசியில் அவளுடைய படிவத்தின் மேல் 'தற்காலிக விலகியவர்' என்று சிவப்பு மையில் எழுதினார்கள். திங்கள் மதியம் பன்னிரண்டு மணிவரை செபமாலை தொடக்கூடாது, சிலுவை போடக்கூடாது, கோயில் பக்கம் தலைகாட்டக்கூடாது. ஒழுங்காக விலகியிருந்தால், திங்களன்று எல்லாரோடும் சேர்ந்து திரும்பிவிடலாம்.

மைதானத்தின் நடுவே சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கம் தூரதேசம். கோயில் பக்கம் தகப்பன் வீடு. கோட்டைத் தாண்டினால் விசில்.

ஃபாதர் டெரன்ஸ் மைக்கைப் பிடித்தார். "டியர் யங் பீப்புள். பைபிள்ல ஊதாரி மகன் ஏன் திரும்பி வந்தான்? பசி. இன்னைக்கு யூத்துக்குப் பசி கிடையாது. அதனாலதான் கேம்ஸ். கடவுள் எங்க இருக்கார்ங்கறதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல நீங்க எந்த டீம்ல இருக்கீங்கங்கறது கிளியரா இருக்கணும்."

முதல் ஆட்டம் சடுகுடு. ஒரு பக்கம் உலகம், ஒரு பக்கம் தகப்பன் வீடு. உலகத்துக்குள் பாடிப் போகிறவன் 'சடுகுடு' என்பதற்குப் பதிலாக 'திரும்புறேன் திரும்புறேன்' என்று மூச்சு விடாமல் சொல்லிக் கோட்டுக்கு வந்து சேர வேண்டும். ஏற்பாட்டில் ஒரே ஒரு பிசகு. உலகத்தின் பக்கம் நின்ற ஏழு பேரும் சித்தேரி மலையிலிருந்து வந்த ஆட்கள். மூட்டை தூக்கி உரம் ஏறிய உடம்பு. உள்ளே போன ஒருத்தனையும் அவர்கள் விடவில்லை. காலைப் பிடித்தால் பிடித்ததுதான். மதியத்துக்குள் தகப்பன் வீட்டில் நடுவரைத் தவிர ஆள் இல்லை. உலகம் யாரையும் பிடிக்கக்கூடாது என்று விதியை மாற்றினார்கள். சித்தேரி ஆட்கள், "அப்பறம் நாங்க எதுக்குங்க நிக்கறது?" என்று வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டார்கள்.

இரண்டாவது, பரமபதம். அதற்கு 'மோட்ச ஏணி' என்று ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள். பாம்புகள் எல்லாம் பாவம், ஏணிகள் எல்லாம் திருவருட்சாதனம். சகாயமேரி சோழியை உருட்டினாள். முதல் உருட்டில் ஏணி. இரண்டாவதில் ஏணி. ஐந்தாவது உருட்டில் மோட்சத்தில் உட்கார்ந்திருந்தாள். தோபியாஸ் ஓடி வந்தார்.

"பாம்பு கடிக்காம மேல போனா செல்லாதும்மா. எறங்கு."

"எறங்கறதுக்கு அதுல வழி இல்லீங்களே."

"மறுபடி மொதல்ல இருந்து உருட்டு. பாம்பு கடிக்கற வரைக்கும் உருட்டு."

உருட்டினாள். மூன்று மணி வரைக்கும் உருட்டினாள். அவளைப் பாம்பு கடிப்பேனா என்றது. பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்ட ஆரம்பித்ததும் ஃபாதர் டெரன்ஸ் பரமபதத் துணியைச் சுருட்டச் சொன்னார்.

மூன்றாவது ஆட்டத்துக்கு நிஜப் பன்றிகள் தேவைப்பட்டன. ஊதாரி மகன் தூரதேசத்தில் பன்றி மேய்த்தானல்லவா, ஆளுக்கு அரை மணி நேரம் மேய்த்துவிட்டுத் தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். ஊர்க்கோடியில் பன்றி வளர்க்கும் மாது என்பவர் பன்னிரண்டு உருப்படியை ஓட்டிக்கொண்டு வந்தார். அருளப்பன் அருமையாக மேய்த்தான். ஐந்து மணி ஆனதும் பன்றிகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சுண்ணாம்புக் கோட்டை மிதித்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிவிட்டன. ஃபாதர் விசில் அடித்தார்.

"ஊதாதீங்க சாமி, அதுங்க மெரளும்" என்றார் மாது. "வூடு போற நேரமுங்க. அதுங்களுக்கு யாரும் சொல்லிக்குடுக்கத் தேவையில்ல."

முதல் நாள் அறிக்கையில் தோபியாஸ் 'திரும்பியோர்: 12' என்று எழுதினார். எழுதாமல் விட்டால் கட்டம் காலியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கோயில் மணி அடித்தது. முகாமில் நூற்றுப்பதினோரு பேரும் தூரதேசத்தில் சாக்கு ஓட்டத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். பூசைக்குப் போகக்கூடாது என்பது உத்தரவு. விலகியிருக்கிறவர்கள் பூசை கண்டால் திரும்புகை கெட்டுவிடும். சகாயமேரிக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இருபத்தைந்து வருடம் அந்த மணிக்குப் பழகிய கால்கள். சோப்பு டப்பாவையும் துண்டையும் எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போவதுபோலப் போனாள். அடிபம்பைத் தாண்டியும் போனாள்.

பங்குச் சாமியார் இன்னாசிநாதர் நாவில் நன்மை அப்பம் வைக்கும்போது அவள் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். அடுத்தவரிடம் நகர்ந்தார். எழுபது வயது. சுற்றறிக்கைகள் பலதைப் பார்த்தவர்.

திரும்பி வந்தபோது கோட்டருகே பிடிபட்டாள். பத்து மணிக்கு விசாரணை.

"பூசைக்கு ஓடிப்போயிருக்கே" என்றார் ஃபாதர் டெரன்ஸ். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

"ஆமாங்க சாமி."

"யாரோட போனே?"

"தனியாத்தாங்க."

"முன்னாடியும் இந்தப் பழக்கம் உண்டா?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் உண்டுங்க."

தோபியாஸ் எழுதிக்கொண்டார். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நீ ஒருத்தி இப்படி உள்ளயே இருந்தா மத்தவங்களுக்கு என்ன மோட்டிவேஷன்? நாளைக்கு ஆயர் இல்லத்துலேர்ந்து பெரியவர் வர்றார். எத்தனை பேர் திரும்பினாங்கன்னு கேப்பார். எத்தனை பேர் இருந்தாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்கம்மா. அதுக்குக் கட்டமே கிடையாது."

தீர்ப்பு: சான்றிதழ் இல்லை. முகாமிலிருந்து நீக்கம். அதோடு, வேறு யாரும் இப்படிக் கோயிலுக்குள் நழுவிவிடாதபடி, திங்கள் காலைப் பூசை முடிந்த கையோடு கோயிலைப் பூட்டிவிட வேண்டும். கோயில்பிள்ளை பெரியசவரியைக் கூப்பிட்டு ஃபாதர் கண்டிப்பாகச் சொன்னார்: "சாவியை யார் கேட்டாலும் கொடுக்கக்கூடாது." பெரியசவரி அந்தக் கோயிலில் முப்பது வருடமாக மணி அடிப்பவர். சொன்ன சொல்லைச் சொன்னபடி செய்வதில் ஊருக்கே பேர் போனவர்.

மூட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவளை அருளப்பன் வேலியோரம் பிடித்தான்.

"பேசாம ஒரு தேதிய எழுதிப் போட்டுரு மேரி. யாரு பாக்கப் போறா?"

"நான் என்னிக்குப் போனேன்னு எழுதறது?"

"ஏதோ ஒண்ணு. ஒரு வாரம் போனேன்னு எழுது. எங்கம்மா வேற சேலம் சேலம்னு..."

"நீங்க நாலு வருசம் வரல, எழுதினீங்க. அது உண்மை. நான் பொய் எழுதி வாங்கற சீட்டுல எனக்கு ஓலை வாசிக்கணுமா?"

அருளப்பனின் சான்றிதழ் முந்தின நாளே சட்டைப்பையில் இருந்தது. 'அதிக தூரம் சென்று திரும்பியவர்' கேடயமும் அவனுக்குத்தான் என்று பேசிக்கொண்டார்கள். அவன் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

திங்கள் காலைப் பூசைக்கு சகாயமேரி போனாள். நீக்கப்பட்டவளைத் தடுக்க விதி இல்லை. பூசை முடிந்து எல்லாரும் போன பிறகும் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் தூண் மறைவில் முழந்தாளிட்டு அழுதுகொண்டிருந்தாள். பெரியசவரிக்குக் கிட்டப்பார்வை. கதவை இழுத்துச் சாத்தி, வெள்ளைக்காரச் சாமியார் காலத்துப் பூட்டை மாட்டி, ஊரிலேயே அதற்கிருந்த ஒரே சாவியை இடுப்பில் சொருகினார். பிறகு நிதானமாக யோசித்தார். இங்கே இருந்தால் யாராவது கேட்பார்கள். கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டிவரும், அது மனத்தாங்கல். கேட்க முடியாத இடத்துக்குப் போய்விடுவது உத்தமம். ஏழேகால் பஸ்ஸில் ஒகேனக்கல் போய்விட்டார்.

பூட்டும் சத்தம் சகாயமேரிக்குக் கேட்டது. பூசை உடுப்பு வைக்கும் அறையின் பக்கக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டு. நினைத்தால் வெளியே போகலாம். போய் என்ன செய்வது? அருளப்பனின் அம்மா வருவார். அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். இங்கே விசில் சத்தமாவது இல்லை. முந்தானையை விரித்துப் பெஞ்சுக்குப் பக்கத்தில் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

பன்னிரண்டு மணிக்கு பேண்டு வாத்தியம் அவளை எழுப்பியது.

வெளியே திரும்புகைப் பவனி வந்து நின்றிருந்தது. நூற்றுப்பத்துப் பேர், கந்தலுக்கு அடையாளமாகக் கழுத்து வழியாக மாட்டிய கோணிச்சாக்கோடு. முன்னால் பேனர். அம்பாசடர் காரிலிருந்து இறங்கிய ஆயர் இல்லத்துப் பெரியவர் வெயிலில் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். ஃபாதர் டெரன்ஸ் கையை விரித்து, "இதோ, தகப்பன் வீட்டின் கதவு" என்று மைக்கில் சொன்ன பிறகுதான் பூட்டைப் பார்த்தார்.

"சாவி எங்க?"

"பெரியசவரிகிட்டங்க" என்றார் தோபியாஸ்.

"பெரியசவரி எங்க?"

"ஒகேனக்கல். நீங்கதான் யாரு கேட்டாலும் குடுக்கக்கூடாதுன்னு சொன்னீங்களாம்."

"நான் கேட்டாக்கூடவா?"

"அப்படி ஒரு விதிவிலக்கு உத்தரவுல இல்லீங்க ஃபாதர்."

சாக்கு கடித்தது. பின்வரிசையில் சித்தேரிக்காரன் ஒருவன், "சாமி, மொதல்ல சோறு போட்டுருங்க. அப்பறம் திரும்பிக்கலாம்" என்றான். நிகழ்ச்சி நிரலில் 12.00 திரும்புகை, 12.30 பிரியாணி என்று இருந்தது. வரிசையை மாற்ற தோபியாஸ் சம்மதிக்கவில்லை.

அப்போதுதான் பக்கத்துச் சன்னலில் ஒரு முகம் தெரிந்தது.

"யாரு உள்ள?" என்றார் ஃபாதர் டெரன்ஸ்.

"நாந்தாங்க சாமி. சகாயமேரி."

"உள்ள என்ன பண்றே?"

"நான் எப்பவும் உள்ளதாங்க இருக்கேன்."

பேண்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தினார்கள்.

"சரி, சரி. பக்கக் கதவைத் திற."

"தொறக்கறனுங்க. எஞ்சீட்டக் குடுத்துருங்க."

"உனக்கு எப்படிம்மா கொடுக்க முடியும்? ஏழாவது கட்டம்..."

"சாமி." அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நூத்திப்பத்துப் பேரு வர்றாங்கன்னு மேளம் வச்சிருக்கீங்க. வரட்டும், நல்லதுதான். நான் இத்தன வருசம் கூட்டுனேன், பெருக்குனேன், பாடுனேன். இருந்ததுக்கு ஒரு வார்த்த யாரும் சொல்லல. அதுகூட வேணாமுங்க. எங்கல்யாணத்த எதுக்குங்க நிறுத்தறீங்க?"

ஃபாதர் டெரன்ஸ் மணிலாவில் எழுதிய நோட்டுகளை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறக்க மறுத்தால் என்ன விளையாட்டு ஆடுவது என்று எங்கும் இல்லை.

"டெரன்சு" என்றார் இன்னாசிநாதர். மூன்று நாளில் முகாம் விஷயத்தில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. "எழுதிக் குடுப்பா. பெரியவரு வெயில்ல நிக்கறாரு."

ஆயர் இல்லத்துப் பெரியவருக்கு யார் உள்ளே, யார் வெளியே என்பது பிடிபடவில்லை. வெயில் பிடிபட்டது. "கிவ் இட், ஃபாதர்" என்றார்.

தோபியாஸின் முதுகில் சான்றிதழை வைத்து எழுதினார்கள். ஏழாவது கட்டம் வந்தது. நேற்றைய தேதியைப் போடலாமா என்று தோபியாஸ் குனிந்தபடியே கேட்டார்.

"விலகலைன்னு எழுதுங்க" என்றாள் சன்னலிலிருந்து.

எழுதினார்கள். முத்திரை குத்தினார்கள். கம்பி வழியாக உள்ளே போனது. அவள் எழுத்து விடாமல், தேதி முதல் கையெழுத்து வரை முழுக்கப் படித்த பிறகுதான் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

பவனியில் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நிழலுக்குள் ஓடினார்கள். அந்த வேகத்தைப் பார்த்துப் பெரியவர் கண் கலங்கினார். இப்படி ஒரு தாகத்தைத் தன் ஊழியத்தில் கண்டதில்லை என்று மைக்கில் சொன்னார். கூட்டத்துக்கு எதிர்த்திசையில் ஒதுங்கி ஒதுங்கி சகாயமேரி வெளியே வந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. சான்றிதழை நான்காக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு நேராக அடிபம்புக்குப் போனாள். கை வைத்து அடித்து அடித்து, ஓடிப்போய்க் குடிப்பதற்குள் தண்ணீர் நின்றுபோனது.

இன்னொரு கை பம்பைப் பிடித்தது. அருளப்பன். கழுத்தில் சாக்கு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"குடி" என்றான்.

உள்ளே பரிசளிப்பு தொடங்கிவிட்டது. 'அதிக தூரம் சென்று திரும்பியவர், அருளப்பன்' என்று மைக் கூப்பிட்டது.

"உங்களத்தான் கூப்புடறாங்க. போங்க."

"கூப்புடட்டும். நீ குடி மொதல்ல."

அவள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வயிறு நிறையக் குடித்தாள். முகத்தைக் கழுவினாள். அவன் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தான். மைக் இரண்டாம் முறை கூப்பிட்டது.

"ஞாயித்துக்கெழம பூசை எத்தன மணிக்கு?" என்று கேட்டான், பம்பைப் பார்த்துக்கொண்டே.

முந்தானையால் முகத்தைத் துடைத்தவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"ஆறரைக்கு. மொத ஓலை."

"ஓலைக்கு மட்டும் கேக்கல."

மூன்றாம் முறையும் கூப்பிட்டார்கள். தோபியாஸ் பதிவேட்டோடு வாசலுக்கு வந்து, வெயிலுக்குக் கண்ணை இடுக்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அருளப்பன் பெயருக்கு நேராக 'திரும்பவில்லை' என்று எழுதிக்கொண்டு உள்ளே போனார்.